மதிப்பீட்டில் இருக்கும் வயிறு

பேருந்து வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் தானாக அடித்தது. மெக்கானிக் வந்து ஒயரைப் பிரித்துப் பார்த்தார், சுவிட்சை மாற்றினார், ஸ்டியரிங்கையே கழற்றி மாட்டினார். கடைசியில் ஓட்டுநரை உட்காரவைத்துத் திருப்பச் சொன்னபோதுதான் பழுது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. வளைவு வந்தால் ஓட்டுநர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்ப்பார். அப்போது அவருடைய வயிறு ஸ்டியரிங்கின் நடுவில் போய் அமரும். மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, "இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லண்ணே" என்று கிளம்பிவிட்டார்.

இருக்கையைப் பின்னால் தள்ளினால் என்ன என்று கேட்பீர்கள். தள்ளினால் கால் கிளட்சுக்கு எட்டாது. படைத்தவன் அவருக்கு வயிற்றைத் தாராளமாகவும் காலைச் சிக்கனமாகவும் கொடுத்திருந்தான்.

இதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய வழித்தடத்தில் இருந்த பெரிய வளைவு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தது. ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்தவர்கள் அவர் வண்டி வந்ததும் கண் திறந்தார்கள். டாக்டர்கள் அதை முதலில் நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் கண் திறந்த பிறகுதான் புகார் எழுதினார்கள்.

பணிமனையில் அவருக்கு ஹாரன்காரர் என்று பெயர் விழுந்தது. மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"வண்டியை விட்டு இறங்குங்க. வயித்தை ஒரு வழி பண்ணிட்டு வாங்க. ஆனா நீங்களா குறைச்சுக்கிட்டு வந்து நிக்கக் கூடாது. அங்கீகாரம் உள்ள மையத்துக்குப் போய், உங்க உடம்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி தேவைன்னு மதிப்பீடு பண்ணி, சான்றிதழோட வரணும். புது கால அட்டவணை ஒட்டறதுக்குள்ள வந்தா வண்டி உங்களுக்கு. வரலைன்னா இப்ப ஓட்டப்போறவருக்கே."

அதுவரை பயணிகள் விட்டுச்சென்ற பொருள்களைக் காக்கும் அறையில் அவரை உட்காரவைத்தார்கள். குடைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் ஜோடியில்லாத செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, தன் வண்டி வாசலைத் தாண்டிப் போகும் சத்தத்தை ஹாரன்காரர் கேட்டார். கியர் மாற்றும் இடத்தில் அந்தப் புது ஆள் வண்டியைப் படுத்தும்போதெல்லாம் அவருக்கு யாரோ தன் காதைத் திருகுவதுபோல இருந்தது. அவருக்கு அந்த வண்டி வேண்டும். அவ்வளவுதான். இந்தக் கதையில் அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

ஆற்றல் தேவை மதிப்பீட்டு மையம் உயரமான கட்டடம். கீழே உடற்பயிற்சிக் கூடம். கண்ணாடிச் சுவர், வரிசையாக எடைக்கட்டைகள், நடுவே தேக்குமரத்தூண் மாதிரி கைகளோடு ஒரு பயிற்சியாளர். ஹாரன்காரர் அவரைப் பார்த்ததும் தெம்பாகிவிட்டார். சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஒரு எடைக்கட்டையிடம் போனார்.

"ஐயோ, தொடாதீங்கண்ணே" என்று பயிற்சியாளர் ஓடிவந்தார். "மதிப்பீடு ஆகாம நீங்க எதையாவது தூக்கினா உங்க கலோரி செலவாயிடும். அப்புறம் எவ்வளவு இருந்துச்சுன்னே தெரியாம போயிடும்."

"அப்ப நீங்க இங்க யாருக்குப் பயிற்சி குடுக்கறீங்க?"

"மதிப்பீடு முடிஞ்சவங்களுக்கு."

"அவங்க எங்க?"

பயிற்சியாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கையிலிருந்த துணியால் எடைக்கட்டையைத் துடைத்தார். அது ஏற்கெனவே முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் செய்துவந்த ஒரே வேலை அதுதான்.

எடைப் பிரிவும் கீழேயே இருந்தது. எடை அலுவலர் முள்ளைப் பார்த்துவிட்டு, "காலையில சாப்பிட்டீங்களா?" என்றார்.

"சாப்பிட்டேன் சார்."

"அப்ப இது உங்க எடை இல்ல. உங்களோடதும் சாப்பாட்டோடதும் சேர்ந்த எடை. நாளைக்கு வாங்க."

மறுநாள் வெறும் வயிற்றோடு போனார்.

"சாப்பிடலையா? வழக்கமா சாப்பிடுவீங்கதானே? அப்ப இது உங்க வழக்கமான எடை இல்லையே."

மூன்றாவது தடவை, வாசலில் நின்று பாதி வாழைப்பழத்தை மென்றுகொண்டே மேடையில் ஏறினார். விழுங்கலாமா வேண்டாமா என்று கண்ணாலேயே கேட்டார். அந்த நிலை இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் அலுவலர் திருப்தியாகி எடையைப் பதிந்துகொண்டார்.

"அடுத்து ஓய்வுப் பிரிவு. மேல்மாடி."

லிஃப்ட் திறந்துதான் இருந்தது. உள்ளே ஸ்டூலில் லிஃப்ட்காரர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஹாரன்காரர் ஒரு காலை உள்ளே வைத்ததும் அவர் மெல்லத் தலை நிமிர்த்தி மேலே இருந்த பலகையைக் காட்டினார். மதிப்பீடு முடிந்தவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது.

"இல்லாட்டி உங்க அசைவைக் குறைச்சுட்டோம்னு எங்க மேல பழி வரும்" என்றார் லிஃப்ட்காரர். "இதுவரைக்கும் ஒருத்தரையும் ஏத்தினதில்லைங்க. சர்வீஸ் மட்டும் மாசாமாசம் பண்றாங்க."

ஹாரன்காரர் படி ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று, தன் வாழ்க்கையை ஒருமுறை யோசித்துப் பார்த்துவிட்டு ஏறினார்.

உடம்பு சும்மா கிடந்தாலே அதற்கு ஒரு செலவு உண்டு. மூச்சு விட, ரத்தம் ஓட, முடி வளர. முதலில் அதைக் கணக்கெடுக்க வேண்டும். அதற்கு அவர் முழு ஓய்வில் இருக்க வேண்டும். இதை விளக்கியவர் ஓய்வு அலுவலர். அவர் நிம்மதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"படுங்க. ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"படி ஏறி வந்தேன் சார்."

"அது ஓய்வுக்கு விரோதம். மூச்சு அடங்கற வரைக்கும் படுத்திருங்க."

மெத்தை நன்றாக இருந்தது. ஜன்னல் வழியாகக் காற்றும் வந்தது. ஹாரன்காரர் தூங்கிப்போனார். யாரோ தோளை உலுக்கினார்கள்.

"என்ன சார், தூங்கறீங்க? தூக்கம் வேற, ஓய்வு வேற. தூக்கம் மூணாவது மாடி. அவங்க இலாகால நாங்க தலையிட்டா நாளைக்கு அவங்க எங்க இலாகால தலையிடுவாங்க."

அவர் விழித்துக்கொண்டே ஓய்வெடுத்தார். அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, முழு ஓய்வில் இருக்கிறீர்களா, இப்போது இருக்கிறீர்களா, சற்றுமுன் இருந்ததைவிட அதிகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹாரன்காரர் கண்ணை மூடித் தன் வண்டியை நினைத்தார். மனம் லேசானது. கைகள் தாமாக எழுந்து காற்றில் வலப்பக்கம் திரும்பின.

"வண்டி ஓட்டறீங்க" என்றார் அலுவலர்.

"மன்னிச்சிருங்க சார். ஆஸ்பத்திரி வளைவு வந்துருச்சு."

"ஓய்வு நிராகரிக்கப்பட்டது. கீழ போய் மறுபடி எடை போட்டுட்டு வாங்க. இவ்வளவு நேரம் ஓய்வெடுத்ததுல எடை மாறியிருக்கலாம்."

இப்படித்தான் அவர் அந்தப் படிகளுக்குப் பழக்கமானார். எடை கீழே, ஓய்வு மேலே, உயரம் பக்கத்துக் கட்டடத்தில், இடுப்புச் சுற்றளவு உயரம் அளந்த சீட்டோடு திரும்பிவந்தால் நடுமாடியில். காலையில் மையம், பிறகு பணிமனையில் செருப்புகளுக்குக் காவல், மாலையில் மறுபடி மையம்.

வீட்டில் வேறு ஒரு சங்கடம் வந்தது. மதிப்பிடப்படாத சாப்பாடு மதிப்பீட்டைக் கெடுத்துவிடும் என்பதால், முடிவு வரும்வரை மையம் அவருக்கு ஓர் இடைக்கால அளவு கொடுத்திருந்தது. இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கீரை, உள்ளங்கை அகலத்துக்கு ரொட்டி. அவருடைய மனைவி தையல்காரி. எத்தனையோ வருடமாக அவர் பணி முடிந்து வந்த பிறகுதான் இருவரும் சாப்பிட உட்காருவார்கள். வண்டியில் யார் ஏறினார், யார் இறங்கும் இடம் தெரியாமல் தூங்கினார் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் சிரித்தபடி பரிமாறுவாள். இப்போது சொல்ல அவரிடம் வண்டியும் இல்லை, சாப்பிடத் தட்டில் பண்டமும் இல்லை.

"எதிர்ல உக்காந்து என் தட்டையே பாத்துக்கிட்டிருந்தா எனக்கு எப்படிங்க இறங்கும்?" என்றாள் அவள்.

"நான் பாக்கலையே."

"பாக்காம இருக்கறதுக்கு நீங்க படற பாட்டைத்தான் சொல்றேன்."

அவளும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். அன்று ஹாரன்காரருக்குப் பசியைவிட அதுதான் வலித்தது. பிறகு அவள் அவருடைய சீருடைக் கால்சட்டையை எடுத்து இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். அந்த மாதத்தில் அது இரண்டாவது முறை.

அசைவுக் குழு அவரை ஒரு மழை நாளில் கூப்பிட்டது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் தலைவி, கண்ணாடி போட்ட உறுப்பினர், எதுவும் பேசாத உறுப்பினர். ஒருவர் நாள் முழுதும் எவ்வளவு அசைகிறார் என்று பார்த்து, ஓய்வுக் கணக்கை அதற்கேற்பப் பெருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர், லேசாக அசைபவர், நன்றாக அசைபவர், ஓயாமல் அசைபவர் என்று மனிதகுலத்தை அவர்கள் நான்காகப் பிரித்திருந்தார்கள்.

"ஓட்டுநர் உக்காந்துதானே வேலை பாக்கறார்" என்றார் தலைவி. "உட்கார்ந்திருப்பவர்னு போடுங்க."

"ஒரு நிமிஷம் மேடம்" என்றார் கண்ணாடிக்காரர். "காலையில இவர் ஊரோட அந்தக் கோடியில இருக்கார். கொஞ்ச நேரம் கழிச்சு இந்தக் கோடியில இருக்கார். அசையாம எப்படி வந்தார்?"

"வண்டி வந்துச்சு."

"வண்டி மட்டும் வந்து இவர் வரலையா?"

எல்லோரும் ஹாரன்காரரைப் பார்த்தார்கள். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "நானும்தாங்க வந்தேன்" என்றார்.

"பாத்தீங்களா, அவரே ஒத்துக்கறார். ஓட்டப்பந்தய வீரர்கூட தினமும் இவ்வளவு தூரம் போறதில்ல. ஓயாமல் அசைபவர்."

"அப்ப பயணிகள்?"

"பாஸ் வச்சிருக்கறவங்க நன்றாக அசைபவர். டிக்கெட் எடுக்கறவங்க லேசாக அசைபவர்."

"நின்னுக்கிட்டு வர்றவங்க?"

கண்ணாடிக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, எதுவும் பேசாத உறுப்பினர் முதல்முறையாகக் கையை உயர்த்தினார்.

"பூமியும் சுத்துதே. அதை யார் கணக்குல எழுதறது?"

இத்தனை வருட மதிப்பீடுகளிலும் பூமி விடுபட்டுப்போனது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. தலைவி அதை ஆராய ஓர் உபகுழு அமைத்தார். ஹாரன்காரரைப் பார்த்து, "நீங்க கீழ போய் வெய்ட் பண்ணுங்க. முடிவானதும் மேல கூப்பிடறோம்" என்றார்.

கூப்பிட்டார்கள். பேருந்து நின்ற நேரத்தில் அவரும் நின்றாரா என்று கேட்டு அனுப்பினார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பின்னோக்கி ஓட்டும்போது செலவான கலோரி திரும்பி வருமா என்று ஒருவருக்குச் சந்தேகம். ஏறினார், இறங்கினார், ஏறினார். மாடிக்கு மாடி நின்று வாழ்க்கையை யோசித்ததெல்லாம் பழங்கதை. இப்போது கைப்பிடியைத் தொடாமல் போய்வந்தார். லிஃப்ட்காரர் மட்டும் அவர் போகும்போதும் வரும்போதும் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து வணக்கம் வைத்தார்.

ஒருநாள் பணிமனையில் அவருடைய வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. புது ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். ஹாரன்காரர் திருடன் மாதிரி ஏறி உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுசாகத் திருப்பினார்.

சத்தமே இல்லை.

இன்னொரு முறை திருப்பினார். டயர் தரையில் உரசும் ஓசை மட்டும் கேட்டது. அத்தனை வருடமாகத் தன் வண்டி திரும்பும்போது இப்படி ஓர் ஓசை வரும் என்பதே அவருக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே இறங்கி மேலாளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

"பாருங்க சார். திருப்பறேன் பாருங்க."

மேலாளர் குனிந்து வயிற்றையும் ஸ்டியரிங்கையும் பார்த்தார். நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கையை நுழைத்தும் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார். "ஆனா நான் பாத்ததை ஃபைல்ல எப்படிங்க வைக்கறது? சான்றிதழ் கொண்டாங்க. அட்டவணை அடுத்த மாசம் ஒட்டறோம்."

அதிர்ஷ்டம், மதிப்பீடு அந்த வாரமே முடிந்தது. பூமி சுற்றுவது எல்லோருக்கும் பொது என்பதால் யாருக்கும் சேர்க்க வேண்டாம் என்று உபகுழு பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்துவிட்டது. சான்றிதழ் வழங்க இயக்குநரே கீழே வந்தார். நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் எல்லா எடைக்கட்டைகளையும் மறுபடி துடைத்திருந்தார். தன் முதல் வாடிக்கையாளர் வரப்போகிறார் என்ற பூரிப்பில் தன் விசிலையும் துடைத்து மாட்டியிருந்தார்.

விதிப்படி, கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை எடை பார்க்க வேண்டும். எடை அலுவலர் முள்ளைப் பார்த்தார், முதன்முதலில் எடை பதிந்த தாளைப் பார்த்தார், ஹாரன்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"சார், இது அந்த ஆள் இல்ல" என்றார் இயக்குநரிடம்.

மேடையைத் தட்டிப் பார்த்தார்கள். இன்னொரு மேடை கொண்டுவந்தார்கள். அந்த ஆள் தானேதான் என்று ஹாரன்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இயக்குநர் எழுந்து நின்றார். அவருடைய குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

"நாங்க ராப்பகலா உழைச்சு ஒரு உடம்புக்கு மதிப்பீடு தயார் பண்ணியிருக்கோம். நீங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வேற உடம்போட வந்து நிக்கறீங்க. இது நியாயமா? நான் பெருமையாவே சொல்றேன், இந்த மையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இங்க வந்த ஒருத்தருக்குக்கூட உடம்பு குறைஞ்சதில்ல. வந்தது வந்தபடியே திரும்பிப் போகும். அந்த நம்பகத்தன்மையாலதான் எங்களுக்கு அங்கீகாரம் கிடைச்சுது. அதைக் கெடுக்கப் பாக்கறீங்க."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. நீங்க ஏறச் சொன்னீங்க, ஏறினேன்."

"மதிப்பீட்டுக்கு வாங்கன்னோம். மெலிய வாங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லைதான். ஹாரன்காரர் தலை குனிந்தார்.

இரண்டு வழி இருப்பதாக இயக்குநர் சொன்னார். ஒன்று, இந்தப் புது உடம்புக்கு முதலிலிருந்து மதிப்பீடு. அதற்குள் புது அட்டவணை மட்டுமல்ல, புது மேலாளரே வந்துவிடுவார். இன்னொன்று, வாடிக்கையாளர் தம்மை மதிப்பீட்டுக்குப் பொருந்தும் நிலைக்குக் கொண்டுவந்துகொள்வது. அதற்கு மையத்தின் பயிற்சியாளர் முழு ஒத்துழைப்பு தருவார்.

அன்று மாலை ஹாரன்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "ஒரே ஒரு தடவை சத்தமில்லாம திரும்புச்சு. அதோட சரி" என்றார்.

அவள் எழுந்து இரண்டு தட்டு வைத்தாள். "முதல்ல சாப்பிடுங்க" என்றாள். "வண்டி கைக்கு வரட்டும். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் சாப்பிட்டார். அவளும் சாப்பிட்டாள். உண்மையைச் சொன்னால், அந்த நாள்களில் அந்த வீட்டில் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தார்கள். மையத்தில் பயிற்சியாளர் விசிலோடு நின்று, "இன்னும் ஒண்ணு அண்ணே, விடாதீங்க, உங்களால முடியும்" என்று உற்சாகப்படுத்த, ஹாரன்காரர் வாழைப்பழத் தாரில் பாதியைக் காலிசெய்தார். தான் பயிற்சி கொடுத்த ஒரு வாடிக்கையாளரின் உடம்பில் மாற்றம் தெரிவதைப் பார்த்துப் பயிற்சியாளருக்கு நெஞ்சு விம்மியது. படி ஏற மட்டும் அவரை யாரும் விடவில்லை.

அவள் கால்சட்டையின் இடுப்பைப் பிரித்தாள். உள்ளே துணி வெட்டாமல் அப்படியே மடிந்திருந்தது.

"வெட்டலையா நீ?"

"எதுக்கும் இருக்கட்டும்னு வச்சிருந்தேன்." அவள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசினாள். "இப்பவும் பெரிய பெரிய தையலாத்தான் போடறேன். பிரிக்க சுலபம்."

முள் பழைய இடத்துக்கு வந்த அன்று இயக்குநர் கைகுலுக்கிச் சான்றிதழைக் கொடுத்தார். இதை வைத்திருப்பவரின் உடல் மதிப்பீட்டோடு முழுமையாக ஒத்துப்போகிறது என்று அதில் எழுதியிருந்தது. மேலாளர் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்க்கவில்லை. தாளை இருமுறை படித்து, ஃபைலில் கோத்து, ஃபைலை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இனிமே உங்க வயித்தைப் பத்தி யாரும் கேள்வி கேக்க முடியாது" என்று வண்டியின் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வளைவில் ஹாரன் நீளமாக அடித்தது. வாசலில் நின்ற காவலாளி புகார் எழுதப் பேனாவை எடுத்தார். சான்றிதழின் நகல் முன்கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு விறைப்பாக நின்றார். மேல்மாடி ஜன்னலில் கட்டுப்போட்ட தலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஹாரன்காரருக்கு வெட்கமாக இருந்தது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் அவருக்குப் பழகிப்போயிருந்தது. இப்போது அப்படி இல்லை.

அன்று பணி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. சீருடையோடு நேரே மையத்துக்குப் போய் வரவேற்பு மேசையில் நின்றார்.

"மறுமதிப்பீடு வேணுங்க."

"இப்பத்தானே சார் முடிஞ்சுது?"

"பூமி விஷயத்துல எனக்குத் திருப்தி இல்ல."

மேசையில் இருந்த பெண் மரியாதையோடு எழுந்து நின்றாள். இப்படி ஒரு அக்கறையுள்ள வாடிக்கையாளரை அவள் பார்த்ததில்லை. "இதுக்கு ரொம்ப நாள் ஆகும் சார்" என்றாள்.

"எவ்வளவு நாள் வேணும்னாலும் ஆகட்டும். முதல்ல எந்த மாடி?"

"மேல்மாடி."

அவர் வருவதைப் பார்த்து லிஃப்ட்காரர் பத்திரிகையை மடித்தார். ஸ்டூலை ஓரமாகத் தள்ளி, கதவை அகலத் திறந்து, உள்ளே இருந்த தூசியைக் கைக்குட்டையால் தட்டினார். அவருடைய பணிக்காலத்தின் முதல் பயணி வந்துகொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க. இனிமே நீங்க தாராளமா ஏறலாம்."

ஹாரன்காரர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படிக்கட்டின் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிருங்க லிஃப்ட்காரரே. நான் இன்னும் மதிப்பீட்டுலதான் இருக்கேன்."